இஸ்திரிப் பையில் எறும்பு

ஜூன் 12, 2025 – வியாழன்

இவருடைய சுகர், மூன்று மாதச் சராசரி 10.6. மார்ச்சில் 8.9 இருந்தது. சாப்பாட்டில் ஒரு மாற்றமும் இல்லை, மாத்திரையும் அதேதான். பிறகு எங்கிருந்து ஏறுகிறது?

இந்தத் தடவை நானும் இவரோடு ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கிளினிக்குக்குப் போனேன். எப்போதும் தனியாகத்தான் போய் வருவார். டாக்டர் எழிலரசி சின்னப் பெண், நம் மகள் பவ்யா வயதுதான் இருக்கும். "வீட்ல இனிப்பு ஏதாவது குடுக்குறீங்களாம்மா?" என்று கேட்டாள். "சீனி டப்பாவை வீட்டை விட்டு அனுப்பி ரெண்டு வருஷமாச்சு டாக்டர்" என்றேன். அந்தப் பெண் இவரைப் பார்த்தாள். இவர் சீலிங் ஃபேனைப் பார்த்தார்.

அது எனக்குப் பிடிக்கவில்லை. மண்ணூர்பேட்டையில் ஸ்விட்ச் செய்கிற கம்பெனியில் இருபத்தாறு வருடம் இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் உட்கார்ந்தவள் நான். கண்ணைப் பார்க்காமல் பெட்டியை நீட்டுகிற ஆபரேட்டரின் சரக்கை இரண்டு தடவை திறந்து பார்ப்பேன். பாதி நாள் உள்ளே ஏதாவது இருக்கும்.

இவர் வெளியே ஏதோ தின்கிறார். வேறு வழியே இல்லை.

ஜூன் 15 – ஞாயிறு

ஊரிலிருந்து தம்பி உலகநாதன் அனுப்பிய பார்சல் வந்தது. ஓலைக் கொட்டானில் கருப்பட்டி. பிரித்ததும் வீடு முழுக்க உடன்குடி வாசனை. ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டுதான் அவனுக்குப் போன் செய்தேன். இவருடைய சுகர் கணக்கைச் சொன்னேன்.

"எக்கா, சீனிதான் வெசம். இது மருந்துல்லா. அத்தானுக்கு நல்லா தாராளமா குடு" என்றான்.

அதைத்தான் நானும் சொல்கிறேன். எங்கள் அம்மாவுக்கு எண்பத்து மூன்று வயது வரை கருப்பட்டிக் காப்பிதான். சுகர் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. சாயங்காலக் காப்பியில் இவருக்கு ஒரு துண்டு கூடவே போட்டேன். நான்கு டம்ளர் குடிக்கிற மனிதருக்கு நான்கு தடவை மருந்து உள்ளே போகிறது. ஆனாலும் ஏறுகிறதே!

ஜூன் 18 – புதன்

இது எப்படி இத்தனை நாள் என் கண்ணில் படவில்லை?

ரிட்டையர் ஆன மனிதர். வீட்டில் லுங்கி, வெளியே போனால் ஒரு சட்டை. அந்தச் சட்டைக்கு வாரம் நான்கு நாள் இஸ்திரி எதற்கு? பத்தரை மணி ஆனால் மஞ்சள் பையில் இரண்டு துணியைச் சுருட்டிக்கொண்டு இறங்குகிறார். தெருமுனையில் வேப்பமரத்தடியில் பூங்காவனத்தின் இஸ்திரி வண்டி. கொடுத்துவிட்டு உடனே வருவதும் இல்லை. அரை மணி நேரம். பக்கத்தில் டீக்கடை, அதை ஒட்டி ஒரு ஸ்வீட் ஸ்டால். கண்ணாடிக்குள் ஜிலேபி அடுக்கி வைத்திருக்கிறான்.

இன்றைக்குத் திரும்பி வந்த சட்டையை முகர்ந்து பார்த்தேன். நெய் வாசனை. இஸ்திரிப் பெட்டியில் கரி போடுவார்கள், நெய்யா ஊற்றுகிறார்கள்?

ஜூன் 19 – வியாழன்

மஞ்சள் பைக்குள் எறும்பு. வரிசையாக.

ஜூன் 22 – ஞாயிறு

போன வாரம் பயத்தமாவு உருண்டை. இன்று காலையிலிருந்து முந்திரிக்கொத்து. பாசிப்பயறை வறுத்துத் திரித்து, தேங்காயும் எள்ளும் வறுத்து, சுக்கும் ஏலமும் தட்டி, கருப்பட்டிப் பாகில் பிசைந்து உருட்டினேன். மூன்று மூன்றாகச் சேர்த்து அரிசி மாவில் முக்கிப் பொரித்தேன். வீட்டில் செய்தது இருந்தால் ஜிலேபிப் பக்கம் போக மாட்டார் என்றுதான். பயறு, எள், கருப்பட்டி. இதில் கெடுதல் எது?

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று இவர் ஐந்து முந்திரிக்கொத்து தின்றார். கூட வந்த பெரியவர்கள் ஒன்றைக் கிள்ளிக் கிள்ளிக் கொறித்துக்கொண்டிருந்தபோது இவர் மட்டும் தட்டைக் காலி செய்தார். "வெக்கப்படாம திங்குதான். இவன் பொய் சொல்ல மாட்டான்" என்று அப்பா உள்ளே வந்து சொன்னார். அந்த ஒரு வார்த்தையில்தான் கல்யாணம் முடிவானது. அப்பா ஆபரேட்டர்களைப் பார்த்ததில்லை, பாவம்.

இன்னொன்றையும் கவனித்தேன். நான் அடுப்படியில் நின்றால் இவர் டிவி சத்தத்தைக் குறைக்கிறார். இன்றைக்குப் பாகு கிண்டும்போது செய்தி சட்டென்று அடங்கிப் போனது. எட்டிப் பார்த்தேன். ரிமோட் மடியில் இருக்கிறது, முகம் சுவரைப் பார்க்கிறது. போனில் யாருடனாவது பேசுகிறாரா என்று பார்த்தால் போன் சார்ஜில் கிடக்கிறது. என்னதான் நடக்கிறது இந்த வீட்டில்?

ஜூன் 26 – வியாழன்

முந்திரிக்கொத்து டப்பா காலி. நான்கு நாளில்! "நல்லா இருந்துச்சு குமாரி" என்றார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கம்பெனி மூடி ஒன்றரை வருடமாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். ஒருவர் ரசித்துச் சாப்பிட்டால் அன்றைய பொழுதுக்கு ஓர் அர்த்தம் வருகிறது. நாளை உளுந்தங்களி கிண்ட வேண்டும்.

ஆனால் சின்னச் சம்படத்தைக் காணவில்லை. கல்யாணத்துக்கு அம்மா வாங்கிக் கொடுத்தது, என் பேர் வெட்டியது. பரண் வரை தேடிவிட்டேன். வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ளாத வீட்டில் பாத்திரம் எப்படிக் காணாமல் போகும்?

ஜூலை 2 – புதன்

இவருடைய இடது கால் சுண்டு விரலில் மே மாதம் செருப்பு கடித்தது. அது இன்னும் ஆறவில்லை. இன்றைக்குக் கட்டைப் பிரித்தபோது ஓரம் கறுத்திருந்தது.

டாக்டர் பெண் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "இன்னும் ஒரு மாசத்துல சுகர் இறங்கலைன்னா விரலை எடுக்க வேண்டி வரும்மா. விரலோட நிக்குமான்னும் சொல்ல முடியாது" என்றாள். மாத்திரையைக் கூட்டினாள்.

ஆட்டோவில் வரும்போது இவரிடம் நேரடியாகவே கேட்டேன். "வெளிய என்ன திங்கிறீங்க? உண்மையைச் சொல்லுங்க." "ஒண்ணும் இல்ல குமாரி" என்று என் கையைப் பிடித்தார். முப்பத்திரண்டு வருடத்தில் ஆட்டோவில் என் கையைப் பிடித்ததில்லை. தப்பு செய்கிறவர்கள்தான் திடீரென்று பாசம் காட்டுவார்கள்.

ஜூலை 4 – வெள்ளி

பவ்யாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். பூந்தமல்லி ஃபிளாட்டிலிருந்து அவளால் வாரக் கடைசியில்தான் வர முடியும். "அம்மா, அப்பா என்ன கம்பெனி பீஸா? திருப்பித் திருப்பிப் பாக்குறதை நிறுத்தும்மா" என்றாள். விரல் போகப் போகிறது என்றேன்.

பத்தரை மணிக்கு இவர் இறங்கினார். மொட்டை மாடியிலிருந்து பார்த்தேன். நேராக வண்டிக்குத்தான் போனார். பூங்காவனம் வண்டிக்கு அடியிலிருந்து ஏதோ எடுத்தாள். இருவரும் குனிந்து ஏதோ செய்தார்கள். வேப்பங்கிளை மறைத்துவிட்டது. அவள் சிரிப்பது மட்டும் மாடிக்குக் கேட்டது.

அவள்தான் வாங்கி வைத்துக் கொடுக்கிறாள். இப்போது எல்லாம் புரிகிறது.

ஜூலை 7 – திங்கள்

எழுதினால்தான் மனசு அடங்கும்.

இவர் தூங்கிக்கொண்டிருந்த மத்தியான நேரத்தில் இறங்கிப் போனேன். பூங்காவனம் யாருடைய யூனிஃபார்முக்கோ பெட்டி போட்டுக்கொண்டிருந்தாள். வண்டிக்கு அடியில் பார்த்தேன். சின்னச் சம்படம்! என் சம்படம். "து. ராஜகுமாரி" என்று என் பேர் பளிச்சென்று தெரிகிறது.

எனக்கு அதற்குமேல் நிதானம் இல்லை. என்னவெல்லாம் சொன்னேன் என்று முழுக்க எழுத வெட்கமாக இருக்கிறது. அடுத்த வீட்டு ஆம்பளைக்குத் தீனி போட்டு மயக்குகிறாய் என்றேன். அவர் கால் அழுகுது, நீ சிரிக்கிறாயா என்றேன். டீக்கடையில் நின்றவர்கள் எல்லாரும் டம்ளரோடு திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சம்படத்தை எடுத்துத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இன்னாம்மா நீ, வந்ததும் வராததுமா கத்துற? பாரு. நல்லா பாரு. உன் ஊட்டுப் பலகாரம்தான?"

உள்ளே என் முந்திரிக்கொத்து. மூன்று மூன்றாக. இரண்டு வாரம் ஆனது, இரண்டுதான் மிச்சம். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் நான் நேற்று நெய் விட்டுப் பிடித்த பயத்தமாவு உருண்டை.

"சாரு ஒண்ணு கூட வாய்ல வெக்கல. டாக்டரு மார்ச்சுலயே இனிப்பு, எண்ணெய்ல பொரிச்சது எல்லாம் வேணான்னுச்சாம். அதான் துணிக்குள்ள சுத்திகினு வந்து என்னாண்ட குடுத்துட்டுப் போறாரு. நானும் எம்பொண்ணு சிம்ரனும் துன்றோம். அது வேலை செய்ற எக்ஸ்போர்ட் கம்பெனில அத்தினி பொண்ணுங்களும் துன்னுதுங்க."

"என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'கம்பெனி மூடுனப்பறம் அவ ஒரு மூலைல குந்திகினே இருந்தா. இந்தப் பலகாரம் பண்றப்போதான் பாடுறா. அத்த நிறுத்திட்டா மறுபடி குந்திக்குவா'ன்னாரு. அவுரு சொல்லச் சொல்ல எனக்கே அழுவ வந்துச்சு. நீ இன்னாடான்னா..." என்றவள் பெட்டியைக் கையில் எடுத்தாள். "இனிமே உன் ஊட்டுத் துணி இங்க வேணா. எடுத்துகினு போ."

நான் பாடுகிறேனா? எந்த நாளில் பாடினேன்? யாரும் சொன்னதில்லையே.

சம்படத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 8 – செவ்வாய்

இவரிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். ஆனால் பூங்காவனம் சொன்னது எல்லாம் உண்மை என்றால் கணக்கு எங்கேயோ உதைக்கிறதே. இனிப்பே தின்னாத மனிதருக்கு இன்றைக்கும் வீட்டு மெஷினில் 268 எப்படி வரும்? இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு சொல்கிறார்களா? இவ்வளவு கேட்ட பிறகும் என் புத்தி இப்படித்தான் போகிறது. அசிங்கமாக இருக்கிறது. ஆனாலும் போகிறது.

ஜூலை 10 – வியாழன்

"கால் சரியாகிற வரைக்கும் படி இறங்கக் கூடாது" என்று சொல்லிவிட்டேன். சரி என்றார். மூன்று நாளாக என் கண் எதிரிலேயே இருக்கிறார். குளியலறை தவிர எல்லா இடத்திலும் பார்வையில்தான். பலகாரமும் செய்யவில்லை. காலை வெறும் வயிற்றில் 214. இரண்டு தோசை, சட்னி, காப்பி. இரண்டு மணி நேரம் கழித்து 302.

மெஷின் தப்பாக இருக்கலாம் என்று என் விரலைக் குத்திப் பார்த்தேன். எனக்கு 118. மெஷின் சரி.

ஜூலை 11 – வெள்ளி

பால் திரிந்துவிட்டது. காலையில் இருவருக்கும் காப்பி இல்லை. அதே இரண்டு தோசை, அதே சட்னி. இரண்டு மணி நேரம் கழித்து 231.

231 என்ற எண்ணையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபது எங்கே போனது?

ஜூலை 13 – ஞாயிறு

கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. பீஸ் தொடர்ந்து கெட்டுப் போனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். ஆள், மெஷின், அச்சு எல்லாவற்றையும் அப்படியே வைத்து ஒன்றை மட்டும்.

நேற்று, பால் காப்பி, கருப்பட்டி இல்லாமல்: 228.

இன்று, கருப்பட்டியோடு, வழக்கமான அளவு: 298.

இவர் இன்றைய காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "அப்பாடா, இன்னைக்குத்தான் காப்பி மாதிரி இருக்கு" என்றார். நான் டம்ளரைப் பிடுங்கினேன். பிடுங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது, சோதனைக்காக நானே கொடுத்தது. திருப்பிக் கொடுத்தேன். குடிக்கச் சொன்னேன். குடித்தார்.

நான்தான். நான்தான் கொடுத்தேன். ரெண்டு வருஷமா, நாளைக்கு நாலு தடவ, என் கையால கலக்கிக் குடுத்திருக்கேன். அவர் இருமினா சுக்கு கருப்பட்டி. அசந்து உக்காந்தா ஒரு துண்டு வாயில. சுகர் ஏற ஏறத் துண்டையும் கூட்டினேன், மருந்து, மருந்துன்னு. தெருவுல நின்னு அவளப் பார்த்து அப்படிப் பேசினேனே...

வெளியே போகிற பெட்டியையெல்லாம் திறந்து பார்த்தேன். உள்ளே வந்த சரக்கை ஒரு நாளும் பார்க்கவில்லை.

ஜூலை 14 – திங்கள்

டாக்டர் பெண்ணிடம் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "கருப்பட்டியும் சர்க்கரைதாம்மா. சுகருக்கு இது வேற, அது வேறன்னு தெரியாது. உங்க ஊர்க்காரங்க நிறைய பேர் இப்படித்தான் வர்றாங்க" என்றாள். நல்ல பெண். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பூங்காவனத்திடம் கத்தியதையும் சேர்த்து. "பொரிச்சது, களி எல்லாம் வேண்டாம்னு டாக்டர் சொன்னாங்க. காப்பிதானே, கருப்பட்டிதானேன்னு நானும் இருந்துட்டேன் குமாரி. நானும் அந்த ஊர்தானே" என்றார்.

என்னை அப்போதே நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஜூலை 21 – திங்கள்

காலை 171. கொட்டானை அப்படியே கட்டி வைத்துவிட்டேன். தம்பிக்குப் போன் செய்து இனி அனுப்ப வேண்டாம் என்றேன். "என்னக்கா, நம்ம ஊர்ச் சாமானையே வேண்டாங்கியே" என்று அவனுக்கு வருத்தம். உனக்கும் ஒரு தடவை டெஸ்ட் எடுத்துப் பாருடே என்று சொல்லி வைத்தேன்.

பூங்காவனத்திடம் இரண்டு தடவை போனேன். முதல் தடவை பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. இரண்டாம் தடவை, "சரி, போம்மா. வேலை கெடக்கு" என்றாள். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 6 – புதன்

விரலை எடுத்துவிட்டார்கள்.

சுகர் இறங்கிவிட்டது, ஆனால் அதற்கு முன்பே விரல் போய்விட்டது. "ரெண்டு மாசம் முன்னாடியே இறங்கியிருந்தா..." என்று டாக்டர் பெண் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். இரண்டு மாதம் முன்னால் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? இஸ்திரிப் பையில் எறும்பு எண்ணிக்கொண்டிருந்தேன்.

மயக்கம் தெளிந்ததும், "செருப்பு இனிமே கடிக்காது" என்றார். சிரிக்க வைக்கப் பார்த்தார். பவ்யா சிரித்தாள். என்னால் முடியவில்லை.

ஆகஸ்ட் 24 – ஞாயிறு

கதவைத் தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். பூங்காவனம். இரண்டு மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. கையில் என் சம்படம்.

"கால எடுத்துட்டாங்கன்னு டீக்கடைல சொன்னாங்கோ. வெரல்தானாமே? பயந்தே பூட்டேன்" என்றாள். உள்ளே கூப்பிட்டேன். வந்து இவர் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "இன்னா அண்ணாத்தே, என் வண்டியாண்ட வராம இங்க படுத்துகினு கீற?" என்று அதட்டினாள். இவர் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தைப் பார்த்துப் பல நாளாகிறது.

சம்படத்தை என்னிடம் நீட்டினாள். சூடாக இருந்தது. "வெறும் பாத்திரமா குடுக்கக் கூடாதுல்ல. கேவுரு அடை. முருங்கைக் கீரையும் வெங்காயமும் போட்டுத் தட்டினேன். தித்திப்பு ஒரு சொட்டு கிடையாது. இதான் எங்க ஊட்டுப் பலகாரம். டாக்டராண்ட கேட்டுட்டே குடு."

ஒன்றைப் பிட்டு முகர்ந்து பார்க்கக் கை தானாகப் போனது. அவள் பார்த்தாள், இவரும் பார்த்தார். கையை இழுத்துக்கொண்டேன்.

அவளுக்கு முன்னாலேயே அழுதுவிட்டேன். "அட, வுடும்மா" என்றாள்.

செப்டம்பர் 18 – வியாழன்

இவர் குச்சியை ஊன்றி ஹாலுக்குள் நடக்கிறார். காலை 132.

நான் ஒன்றும் செய்வதில்லை. சோறு, குழம்பு, கீரை. கருப்பட்டிக் கொட்டான் பூங்காவனம் வீட்டுக்குப் போய்விட்டது. அடுப்படியில் நிற்க வேண்டிய நேரம் அரை மணிதான். மீதி நேரம் பால்கனி மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். மத்தியானம், "என்ன குமாரி, வீடே சத்தமில்லாம இருக்கு?" என்றார். டிவி ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்றேன்.

அக்டோபர் 9 – வியாழன்

மூன்று மாதச் சராசரி 7.3. டாக்டர் பெண் ரிப்போர்ட்டை என்னிடம்தான் முதலில் காட்டினாள்.

சாயங்காலம் கேழ்வரகு அடை. பூங்காவனத்தின் வண்டிப் பக்கத்தில் நான்கு நாள் நின்று கற்றுக்கொண்டது. முதல் இரண்டு தடவை கல்லில் ஒட்டிக்கொண்டு பிய்ந்து போனது. மாவில் வெந்நீர் ஊற்ற வேண்டுமாம், நான் பச்சைத் தண்ணீர் ஊற்றிவிட்டேன். இன்றைக்குச் சரியாக வந்தது. வாழையிலைத் துண்டில் தட்டி, கல்லில் போட்டு, ஓரத்தில் நல்லெண்ணெய் விட்டேன். முருங்கைக் கீரை வேகும் வாசனை. டாக்டர் இவருக்கு ஒன்று போதும் என்று சொல்லியிருக்கிறாள். இரண்டாவது எனக்கு, மூன்றாவது சம்படத்துக்கு.

மூன்றாவதைத் திருப்பிப் போடும்போது ஹாலில் டிவி சத்தம் சட்டென்று அடங்கியது.

ஏன் குறைக்கிறார்? கரண்டியோடு எட்டிப் பார்த்தேன். ரிமோட் மடியில் இருக்கிறது. முகம் சுவரைப் பார்க்கிறது. கண்ணை மூடியிருந்தார்.

அப்போதுதான் என் வாயிலிருந்து வந்துகொண்டிருந்த மெட்டு பாதியில் நின்றுபோனது எனக்கே தெரிந்தது. "அடை கருகப் போகுது, போ" என்றார், கண்ணைத் திறக்காமல். உள்ளே வந்து அடையைத் திருப்பினேன். விட்ட இடத்திலிருந்து பாடினேன்.